வாங்கினால் பிழைத்துவிடுமா?

வியாபாரம் படுத்துப்போய், பங்கு விலை தரைக்கு வந்துவிட்ட ஏதாவது ஒரு கைப்பேசிக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போகிறதாம் என்று செய்தி வந்தால் போதும், நம்மவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. "அப்பாடா, பிழைச்சிக்கிச்சி" என்கிறார்கள். கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்களில் இரண்டு பேர் பங்குச் சந்தைக்காரர்கள். ஒருவர் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா. எல்லாரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. நஷ்டத்தில் ஓடுகிற கடையைப் பணக்காரன் வாங்கினால் கடை பிழைக்கும், ஆளுக்கு வேலை இருக்கும், எல்லாருக்கும் நல்லது. இதில் என்ன ஐயா தகராறு என்கிறார்கள்.

தகராறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம்மில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'ரஷா' என்ற சொல் தெரியும். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கினால் பாரீஸ் பத்திரிகைகள் ரஷா என்றுதான் எழுதும். அதே சொல்லுக்குப் பாவத்திலிருந்து மீட்பு என்றும் பொருள் உண்டு. மாதா கோயிலில் ஞானோபதேசம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே சொல்லில் விலைக்கு வாங்குவதும் ஆத்துமத்தைக் கரையேற்றுவதும் அடங்கிவிட்டன. அந்த மொழிக்காரர்கள் ஏன் அப்படி வைத்தார்களோ, போகட்டும். ஆனால் நம் தமிழில் இரண்டு சொல் இருக்கிறது. விற்பனை வேறு, மீட்பு வேறு. இருந்தும் நம் பத்திரிகைகளின் வணிகப் பக்கங்கள் 'மீட்க வருகிறது', 'கை கொடுக்கிறது', 'காப்பாற்றுகிறது' என்று எழுதுகின்றன. யாரை மீட்டார்கள், யாருக்குக் கை கொடுத்தார்கள் என்று ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதுவதில்லை.

நாம் பார்ப்போம். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே.

2013 செப்டம்பர் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தில் இரண்டு நோயாளிகளுக்கு வைத்தியர் வந்தார். 3-ஆம் தேதி பின்லாந்தின் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை அமெரிக்காவின் மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. அதே மாதம் 23-ஆம் தேதி கனடாவின் பிளாக்பெரியை ஃபேர்ஃபாக்ஸ் என்ற நிதி நிறுவனம் வாங்குவதாகப் பூர்வாங்கக் கடிதம் கொடுத்தது. ஒன்று விற்பனை ஆனது. இன்னொன்று கடைசி நேரத்தில் நின்றுபோனது. இரண்டும் இப்போது எப்படி இருக்கின்றன என்று பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

நோக்கியாவைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 2003-இல் வந்த 1100 என்ற சின்ன போன், தலையில் டார்ச் விளக்கோடு, நம்மில் எத்தனை பேர் சட்டைப் பையில் இருந்தது! மின்வெட்டில் மாடிப்படி இறங்க அதுதான் வெளிச்சம். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 1865-இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கி, பிறகு ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று பலதும் செய்து, கடைசியில் போனுக்கு வந்த கம்பெனி அது. 2007, 2008 வாக்கில் உலகில் விற்ற பத்து போன்களில் ஏறக்குறைய நான்கு அவர்களுடையது. அப்படிப்பட்ட கம்பெனி 2007-இல் ஐபோன் வந்தபிறகு தடுமாறியது. தடுமாறியதற்குக் காரணம் அவர்களேதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தொடுதிரைக் காலம் வந்துவிட்டதைப் புரிந்துகொள்ளாமல் பழைய சிம்பியன் மென்பொருளையே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீஃபன் ஈலோப் என்பவரைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். 2011 பிப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நாம் எரிகிற மேடையில் நிற்கிறோம் என்ற பொருளில். சில நாட்களிலேயே, இனி எங்கள் ஸ்மார்ட்போன்களில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ்தான் என்று அறிவித்தார். கடையில் இன்னும் சரக்கு இருக்கிறது, அதை வாங்க ஆளும் இருக்கிறது. முதலாளியே வாசலில் வந்து நின்று "இந்தச் சரக்கு மட்டம், அடுத்த வருஷம் நல்லது வரும்" என்று சொன்னால் வியாபாரம் என்ன ஆகும்? நம் பெரிய மார்க்கெட்டில் கருவாட்டுக்காரி கூடச் செய்யமாட்டாள். முதல் விண்டோஸ் போன் வர அந்த வருஷக் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் பழைய போன் விற்பனை சரிந்தது. இரண்டரை வருஷத்தில், அவர் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாரோ அதே கம்பெனிக்கு 544 கோடி யூரோவுக்கு விற்பனை. ஈலோப் உளவாளி என்று அந்த நாட்டிலேயே பலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் விற்பனையால் அவருக்குக் கிடைக்கும் தொகை முதலில் 1.88 கோடி யூரோ என்று அறிவித்தார்கள், கடைசியில் 2.42 கோடி யூரோ ஆனது. அதில் எழுபது சதவிகிதத்தை வாங்கியவர்களே கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரே பெண் வீட்டுத் தரகருக்குச் சேர்த்துக் கமிஷன் கொடுப்பது போல.

அறிவிப்பு வந்த அன்று ஹெல்சிங்கியில் நோக்கியா பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. கையில் பங்கு வைத்திருந்தவனுக்கு அன்று நிஜமாகவே மீட்பு. அவனைப் பொறுத்தவரை ஞானோபதேசப் பொருளும் வியாபாரப் பொருளும் ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு? 2014 ஏப்ரல் 25 அன்று கைமாற்றம் முடிந்தது. ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஈலோப் அனுப்பிய கடிதம் சிநேகிதமாக 'ஹலோ' போட்டுத் தொடங்குகிறது. கம்பெனியின் நோக்கம், திட்டம் என்று பத்தி பத்தியாக ஓடி, வெகு தூரம் போனபிறகுதான் வேலை போகும் சமாச்சாரம் வருகிறது. நானும் ஆயுள் முழுக்க அரசாங்கக் கடிதம் எழுதியவன். கெட்ட சேதியை ஐந்தாவது பத்தியில் ஒளிக்கும் வித்தை எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பொருள் என்று மேலே ஒரு வரி போட்டுவிடுவோம்.

அடுத்த வருஷம் ஜூலையில் இன்னும் 7,800 பேர் குறைப்பு; கூடவே 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளினார்கள். வாங்கும்போது அறிவித்த விலையைவிட அது அதிகம். 2016-இல் பட்டன் போன் தொழிலை 35 கோடி டாலருக்கு விற்றுக் கையைக் கழுவினார்கள். இதில் ஒரு வேடிக்கை: இந்த மூட்டை கட்டும் வேலையைச் செய்தவர் ஹைதராபாத்தில் வளர்ந்த சத்யா நாதெள்ளா. நோக்கியாவை வாங்கலாமா என்று உள்ளே கருத்துக் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவர் தான் என்று பின்னால் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். வேண்டாம் என்றவர் தலையில்தான் கடைசியில் அது வந்து விடிந்தது.

பின்லாந்தில் சாலோ என்று ஒரு சிறிய ஊர். நோக்கியா போன் அங்கேதான் உருவாகி வளர்ந்தது. 2012-இல், விற்பனைக்கு முன்பே, தொழிற்சாலையை மூடினார்கள். ஆராய்ச்சிப் பிரிவு மட்டும் மிச்சம் இருந்தது, அதில் ஆயிரத்துச் சொச்சம் பேர். மைக்ரோசாஃப்ட் வந்ததும் அந்த ஊர்க்காரர்களும் "அப்பாடா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2015-இல் அதையும் மூட முடிவு செய்தார்கள்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். நாம் சென்னை பஸ்ஸில் போனால் திண்டிவனம் வழி போவோம். ஸ்ரீபெரும்புதூர் நம் வழியில் இல்லை. ஆனால் 2006 தொடக்கத்தில் அங்கே நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது அந்தப் பேச்சு நம் பக்கமும் வந்தது. பிளஸ் டூ, டிப்ளமா முடித்த பிள்ளைகள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், ஊதா ஊதாவாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார்கள். சுற்று வட்டாரத்தில் ஐம்பது அறுபது மைல் தூரத்துக் கிராமங்களுக்குக்கூட பஸ் போனது. நல்ல காலத்தில் நேரடியாகவே எட்டாயிரம் பேர் வரை வேலை. அதை நம்பி அதே வளாகத்தில் சார்ஜர், உறை, உதிரி செய்கிற கம்பெனிகள் வேறு. அங்கே செய்த போன் எத்தனையோ நாட்டுக்குப் போனது.

2013 செப்டம்பரில் விற்பனை அறிவித்தபோது இந்த ஆலையும் பட்டியலில் இருந்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் நடந்தபோது இது அதில் இல்லை. காரணம் வரி. மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013 ஜனவரியில் வருமான வரித் துறை ஆலைக்குள் புகுந்து, சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. விற்பனைச் செய்தி வந்ததும் சொத்தை முடக்கியது. பிறகு தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பியதாகச் சொன்ன போன்கள் உள்நாட்டில் விற்றவை என்று சுமார் 2,400 கோடி கேட்டது. உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு ஆலையை மாற்று என்றது. நோக்கியா கொடுக்கவில்லை. ஆலை அனாதையாக நின்றது. முதலில் வி.ஆர்.எஸ்., அப்புறம் ஆர்டர் இல்லை, 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது.

இங்கே நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். வரிக்காரன்தான் ஆலையைக் கொன்றான் என்று ஒரு கட்சி. வரி கட்டாதவனை விடலாமா என்று இன்னொரு கட்சி. நான் கோப்பு பார்த்துப் பழகியவன், இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. 2006-இலிருந்து 2012 வரை அந்தக் கோப்பு எந்த அலமாரியில் தூங்கியது? வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் ஆனதே, யாரோ ஒரு குமாஸ்தா குறிப்பு வைத்துத்தானே மேலே அனுப்பியிருப்பான்? ஆறு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, கம்பெனி இறங்குமுகத்தில் இருக்கும்போது மொத்தமாகக் கேட்பது வசூல் ஆகாது. அதற்காகக் கம்பெனிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. உலகம் முழுக்க ஆலையை விற்றவர்களுக்கு இந்த ஒரு ஆலைக்கு ஒரு ஏற்பாடு செய்ய வழி இல்லையா? இருந்தது. விலை அதிகமாகத் தோன்றியது, அவ்வளவுதான். 2018-இல் இந்தியாவும் பின்லாந்தும் உட்கார்ந்து பேசி அந்த வரித் தகராறைத் தீர்த்துக்கொண்டன. நாலு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பத்துப் பெண் அந்த ஆலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரு தடவை என் போனில் ஏதோ கோளாறு என்று காட்டியபோது, மூடியைக் கழற்றாமலே, காதருகே ஆட்டிப்பார்த்து, "தாத்தா, உள்ள ஒரு திருகு கழண்டிருக்கு" என்றாள். கடைக்காரன் பிரித்தபோது அப்படியே இருந்தது. வி.ஆர்.எஸ். பணத்தில் தங்கை கல்யாணம் முடிந்தது. அப்புறம் இங்கே ஒரு ஜவுளிக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள், வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தில் பாதிக்கு. காதால் திருகைக் கண்டுபிடிக்கிற கைக்குச் சேலை மடிப்பதும் வரும்தான். அவளுக்குக் கம்பெனி மேல் கோபம் இல்லை. "யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னே தெரியல தாத்தா. நோக்கியாவ கேட்டா வித்துட்டோங்கறான், மைக்ரோசாஃப்ட கேட்டா வாங்கலேங்கறான்" என்றாள். இதைவிடச் சுருக்கமாக எந்த வணிகப் பக்கத்திலும் இந்த விஷயத்தை எழுதி நான் படித்ததில்லை.

2019-இல் அந்த ஆலையை சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கியது, மறுபடியும் வேலை வந்தது. சரிதானே என்று பங்குச் சந்தை நண்பர் மடக்கினார். வந்தது, நல்லதுதான். ஆனால் ஐந்து வருஷம் நடுவில் போயிற்றே? கட்டடத்துக்கு ஐந்து வருஷம் ஒன்றுமில்லை, வெள்ளையடித்தால் போதும். இருபத்தேழு வயசுப் பெண்ணுக்கு அப்படியா?

நோக்கியாவைத் தியாகியாக்கவும் நான் தயாரில்லை. 2008-இல் ஜெர்மனியில் போகும் நகரத்து ஆலையை, லாபத்தில் ஓடும்போதே, மூடிவிட்டு ருமேனியாவுக்குப் போனவர்கள் அவர்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அந்த ஊர் அரசியல்வாதிகள் கோபத்தில் தங்கள் நோக்கியா போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், அந்த மாநில அரசு தான் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டது. ருமேனிய ஆலையையும் 2011-இல் மூடினார்கள். ஆக, கைமாறினால்தான் ஆபத்து, கைமாறாவிட்டால் பத்திரம் என்று நான் சொல்லவரவில்லை. கைமாறும் நேரம்தான் கேள்வி கேட்கக்கூடிய நேரம், அந்த நேரத்தில் நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.

இனி அந்த இன்னொரு நோயாளி. பிளாக்பெரி, கனடாவில் வாட்டர்லூ நகரத்துக் கம்பெனி. ஒபாமா கையில் வைத்திருந்த போன் என்றால் ஞாபகம் வரும். 2008-இல் 140 டாலருக்கு மேல் விற்ற பங்கு. 2013 செப்டம்பர் 20-ஆம் தேதி, விற்காமல் தேங்கிய புது மாடலால் ஏறக்குறைய நூறு கோடி டாலர் நஷ்டம் என்றும், 4,500 பேரைக் குறைக்கிறோம் என்றும் அறிவித்தார்கள். மூன்று நாள் கழித்து ஃபேர்ஃபாக்ஸ், பங்கு ஒன்றுக்கு 9 டாலர், மொத்தம் 470 கோடி டாலர் என்று விலை சொன்னது. ஃபேர்ஃபாக்ஸின் தலைவர் பிரேம் வாட்சா ஹைதராபாத்காரர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க ஆறு வாரம் அவகாசம். நவம்பர் 4-ஆம் தேதி பார்த்தால், வாங்கவில்லை! அதற்குப் பதிலாக, ஃபேர்ஃபாக்ஸும் வேறு சிலரும் சேர்ந்து நூறு கோடி டாலர் கடன் பத்திரமாகக் கொடுப்பது, தலைவரை மாற்றுவது என்று முடிவானது. அன்று பங்கு விழுந்தது. செத்தது பிளாக்பெரி என்று எழுதாத பத்திரிகை குறைவு.

புதிதாக வந்த ஜான் சென், போன் செய்வதை மெல்ல மெல்லக் குறைத்து 2016-இல் சொந்தமாகச் செய்வதை நிறுத்திவிட்டார். ஏற்கெனவே அவர்கள் வாங்கி வைத்திருந்த கியூ.என்.எக்ஸ். என்ற மென்பொருள் கார்களுக்குள் ஓடுகிறது. அதையும் பாதுகாப்பு மென்பொருளையும் வைத்துக் கம்பெனி ஓடுகிறது. பழைய பெருமை இல்லை. வேலை போனவர்களும் ஏராளம். ஆனால் தலைமை அலுவலகம் வாட்டர்லூவிலேயே இருக்கிறது, பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது. வாங்கப்பட்டுக் 'காப்பாற்றப்பட்ட' நோக்கியா போன் பிரிவோ மூன்றே வருஷத்தில் துண்டு துண்டாகிவிட்டது. வாங்க ஆள் கிடைக்காமல் போனதே சில சமயம் அதிர்ஷ்டம்.

இரண்டு உதாரணம் போதாது என்பவர்களுக்கு வேகமாக இன்னும் சில. பாம் என்ற கம்பெனியை 2010-இல் 120 கோடி டாலருக்கு எச்.பி. வாங்கியது. அந்த மென்பொருளில் 2011 ஜூலையில் ஒரு டேப்லெட் வெளியிட்டது. 49 நாளில் நிறுத்திவிட்டது. நம் வீட்டில் மண்டலாபிஷேகம்கூட 48 நாள். மோட்டோரோலாவைக் கூகுள் 1,250 கோடி டாலருக்கு வாங்கி, காப்புரிமைகளில் பெரும்பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மிச்சத்தை 2014-இல் சீன லெனோவோவுக்கு 290 கோடிக்குத் தள்ளிவிட்டது. நடுவில் டெக்சாஸில் அமெரிக்கத் தயாரிப்பு என்று ஆரவாரமாக ஓர் ஆலை, அது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. மோட்டோரோலா பெயர் இன்று நன்றாகத்தான் விற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தைவானில் எச்.டி.சி.யிடமிருந்து கூகுள் 110 கோடி டாலருக்கு சுமார் 2,000 எஞ்சினியர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆலையில் இருந்தவர்கள் வேண்டாம். அதே 2018-இல் எச்.டி.சி. தைவானில் 1,500 ஆலைத் தொழிலாளர்களைக் குறைத்தது. மாட்டுச் சந்தையில்கூடக் கன்றை விட்டுவிட்டுப் பசுவை மட்டும் ஓட்டிப்போனால் நாலு பேர் கேட்பார்கள்.

இந்த எல்லா இடத்திலும் வாங்கியவனுக்குத் தேவைப்பட்டது ஒன்று: காப்புரிமை, அல்லது மென்பொருள், அல்லது எஞ்சினியர், அல்லது பெயர். ஆலையும் அதில் நிற்கிற ஆளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த சுமை. 'கம்பெனியை வாங்கினார்கள்' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அவர்கள் அப்படி வாங்குவதில்லை.

சரி, சும்மா குறை சொல்லாதே, என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். நான் ரிட்டையர் ஆனபோது பிரிவு பிரிவாகப் போய் 'பாக்கி இல்லை' என்று சான்றிதழ் வாங்கினேன். நூலகம், கூட்டுறவு சங்கம், பண்டகசாலை, வாகனப் பிரிவு (நான் அரசாங்க வண்டியில் ஏறியதே இல்லை!). ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் பென்ஷன் கோப்பு நகராது. ஒரு குமாஸ்தா வீட்டுக்குப் போக இத்தனை கையெழுத்து. எட்டாயிரம் பேரோடு ஓர் ஆலை கைமாறும்போது, ஆளுக்கு என்ன வழி என்று கையெழுத்துக் கேட்க ஒரு மேஜை வேண்டாமா?

அந்த மேஜை பிரான்சில் இருக்கிறது, அரைகுறையாக. கம்பெனியை விற்கும் முன் தொழிலாளர் குழுவிடம் தகவல் சொல்லிக் கருத்துக் கேட்டாக வேண்டும். 2014-இல் ஃப்ளோராஞ்ஜ் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் உள்ள கம்பெனி ஓர் ஆலையை மூடுவதானால் முதலில் வாங்க ஆள் தேட வேண்டும். அவர்களுடைய அரசியலமைப்பு மன்றம் தண்டனைப் பிரிவைப் பிடுங்கிவிட்டது என்பது வேறு கதை. 2015-இல் இதே நோக்கியா, போன் போய் நெட்வொர்க் மட்டும் மிஞ்சிய நோக்கியா, அல்காதெல்-லூசெனை 1,560 கோடி யூரோவுக்கு வாங்க வந்தபோது, அங்கே பொருளாதார அமைச்சராக இருந்த மக்ரோன், வேலைக்கு உத்தரவாதம் கேட்டுத்தான் தலையசைத்தார். உத்தரவாதக் காலம் முடிந்த சூட்டில், 2020 ஜூனில், 1,200 பேருக்கு மேல் குறைக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. சொல்தா நண்பர் இதைச் சொல்லித்தான் சிரிப்பார், கேட்டு என்ன கண்டார்கள் என்று. சில வருஷம் கண்டார்கள் முசியே! ஸ்ரீபெரும்புதூரில் ஆறு மாதம்கூடக் காணவில்லை.

"இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் ஒரு கம்பெனியும் நம் பக்கம் வராது" என்பதுதான் கடைசியில் எல்லாரும் எடுக்கிற ஆயுதம். அதற்குப் பதில் அந்த 2014 ஏப்ரலிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்–நோக்கியா ஒப்பந்தத்துக்குப் பல நாடுகளின் அனுமதி தேவைப்பட்டது. சீன வணிக அமைச்சகம் உடனே தலையாட்டவில்லை. இந்தக் காப்புரிமைகளை வைத்து எங்கள் நாட்டுப் போன் கம்பெனிகளை நாளைக்கு மிரட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுமதி கொடுத்தது. இரண்டு கம்பெனிகளும் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டன. யாரும் சீனாவை விட்டு ஓடவில்லை. அதே மாதங்களில் நம் அரசுகள் இரண்டும் கேட்டது வரிப் பாக்கியை மட்டும். ஆலையை யார் நடத்துவார், எத்தனை வருஷம் நடத்துவார் என்று அந்த மேஜையில் எழுதி வாங்கச் சட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இடம் போட்டபாடில்லை.